வளர்பிறையில் கத்திய குருவி

என் மச்சான் அம்மாவாசி எங்கள் ஊராட்சியில் மோட்டார் ஆபரேட்டர். ஆபரேட்டர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடைக்கரையில் ஒரு போர்வெல், அதன் பக்கத்தில் குளியலறை அளவுக்கு ஒரு மோட்டார் ரூம், ஊர் நடுவில் ஒரு மேல்நிலைத் தொட்டி. மோட்டாரைப் போட வேண்டும், தொட்டி நிறைந்ததும் நிறுத்த வேண்டும், தெருத்தெருவாக சைக்கிளில் போய் வால்வைத் திறந்துவிட வேண்டும். தெருவிளக்கு சுவிட்சும் அவர் பொறுப்புதான். தண்ணீர் வந்தால் பிரசிடெண்ட் கொடுத்தார் என்பார்கள். வராவிட்டால் அம்மாவாசி எங்கே போய்த் தொலைந்தான் என்பார்கள். 1996இல் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பங்கீட்டில் மாற்றம் இல்லை.

ஊர் கோம்பைக்குப் பக்கம், மலையடியில் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. பெண் எடுக்கப் பயந்து பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்துகொண்டுவிட்டார்கள். அம்மாவாசியின் மனைவி அன்னத்தாய் என் கூடப்பிறந்த அக்காள். நான் கோம்பையில் உரக்கடை வைத்திருக்கிறேன். திராட்சைக்குச் சாம்பல் நோய் வந்தால் எந்த மருந்தை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் உலகத்தில் மற்ற விஷயங்களும் தெரியும் என்று நானும் நம்பி, ஊரையும் நம்ப வைத்திருந்தேன்.

மச்சானுக்கு அப்படி எந்த மயக்கமும் கிடையாது. அமாவாசையன்று பிறந்தார், அதனால் அந்தப் பெயர். அதற்குமேல் அவரைப் பற்றி யோசிக்க அவரைப் பெற்றவர்களுக்கே நேரம் இருக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தார். குடி இல்லை, சீட்டு இல்லை. ஊர்க் கூட்டத்தில் வாய் திறந்தவர் இல்லை. இப்படிப்பட்ட மனிதரை எங்கள் ஊரில் நல்லவர் என்று சொல்லி, அத்தோடு மறந்துவிடுவார்கள்.

மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் எங்கள் பக்கம் வருவது பெரும்பாலும் ஊர் தூங்கிய பிறகுதான். ஆகவே மச்சானுடைய பாதி ஆயுள் ஓடைக்கரையில், இருட்டிலும் நிலாவிலும் கழிந்தது. அங்கே அவருக்குப் பேச்சுத்துணை ஒரு குருவி. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு, காதால் கேட்டவர்கள் அதிகம். மைனா அளவு இருக்கும், காய்ந்த சருகு நிறம். பகலெல்லாம் கரட்டுக் குன்றின் சரளையில் படுத்துக் கிடக்கும். மிதிக்கிற தூரத்துக்குப் போனாலும் தெரியாது. பொழுது அடைந்ததும் வண்டித்தடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கத்தும். சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் துள்ளித் துள்ளி ஓடி அடங்குமே, அந்தச் சத்தம். புத்தகத்தில் இதற்குப் பக்கி என்று பெயர் போட்டிருக்கிறார்களாம். எங்கள் ஊரில் இருட்டில் கத்துகிற எதுவும் சாக்குருவிதான். ஆந்தையும் சாக்குருவி, கூகையும் சாக்குருவி, இதுவும் சாக்குருவி. வித்தியாசம் பார்க்காமல் எங்கள் ஊர் எல்லோரையும் ஒன்றாக நடத்தியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

மச்சானுடைய வீடு ஊரின் கடைசி வீடு. வீட்டுக்கு முன்னால் வண்டித்தடம், அதற்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் கரடு. குருவிக்கு இதைவிட வசதியான இடம் தேனி மாவட்டத்தில் கிடைக்காது. பல வருடம் அது கத்தியது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மச்சானுடைய ஒரே மகள் ராஜாத்திக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம், பிடித்தது வினை.

எங்கள் வகையறாவில் பெண் பார்க்க இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, வளர்பிறையில்தான் வர வேண்டும். தேய்பிறையில் பார்த்தால் குடும்பமும் தேய்ந்துவிடும். இரண்டு, விளக்கு வைத்த பிறகுதான் பார்க்க வேண்டும். பெண் வாசலில் விளக்கேற்றிவிட்டு உள்ளே வந்து சபையைக் கும்பிடுவாள். பிடித்திருந்தால் அங்கேயே பூ வைத்துவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில் பெண்ணைப் பார்த்தால் என்ன கெட்டுவிடும் என்று நான் ஒரு பெரிய மனிதரிடம் கேட்டேன். காரணம் கேட்க ஆரம்பித்தால் பழக்கம் எப்படி நிற்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி.

2002 தை மாதம் போடியிலிருந்து முதல் கூட்டம் வந்தது. தாய்மாமன் என்ற முறையில் நாள் பார்த்துக் கொடுத்தது நான். வளர்பிறை ஏகாதசி, ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் கழிந்த பிறகு. வேனில் பதினாலு பேர் வந்தார்கள். ராஜாத்தி விளக்கேற்றினாள், கும்பிட்டாள். சின்னமனூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண், பார்க்கவும் லட்சணமாக இருப்பாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கேசரி முடிந்து பஜ்ஜிக்கு வந்தபோது வெளியே நிலா பளிச்சென்று அடித்தது. வண்டித்தடத்தில் கோலிக்குண்டு உருள ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் அத்தை பஜ்ஜியை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "என்னத்தா அது சத்தம்?"

"ஒன்னுமில்ல, ஓடைக்குள்ள ஏதோ குருவி" என்றாள் என் அக்காள்.

"குருவியா? சாக்குருவில்ல கத்துது! நல்ல காரியம் பேசுற எடத்துல இப்படியா கத்தும்?"

குருவி நிறுத்தும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அதற்கு நம்முடைய சங்கடம் எங்கே தெரிகிறது? கத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று அவர்கள் எழுந்து போனார்கள். நாலாம் நாள் அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையின் தாத்தா ஒருவர் தவறிவிட்டார். எண்பத்தேழு வயது, இரண்டு வருடமாகப் படுக்கை. பாவம், நன்றாக இருந்த மனிதர், குருவி கத்திப் போய்விட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் கடையில் பத்துப் பேரிடம் சொன்னேன். பத்துப் பேரும் தலையாட்டிவிட்டு, எதற்கும் பார்த்துச் செய்யுங்கள் என்றார்கள்.

அடுத்த வருடம் சித்திரையில் ஓடைப்பட்டிக்காரர்கள். திராட்சைத் தோட்டம், சொந்த வேன். வளர்பிறை தசமி. பூ வைக்கிற நேரத்தில் குருவி ஆரம்பித்தது. பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆவணியில் கெங்குவார்பட்டியிலிருந்து மூன்றாவது கூட்டம். அவர்கள் காதுக்குச் செய்தி முன்பே போயிருந்தது. வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கவே இல்லை. வாசல் பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு குருவியைக் கேட்கத்தான் வந்தார்கள். அது அவர்களை ஏமாற்றவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் வீட்டுக்குச் சாக்குருவி வீடு என்று பெயர் வந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆயிரத்து எண்ணூறு பேர் இருக்கிற ஊரில் மாதத்துக்கு ஒருவர் சாகாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் யார் செத்தாலும், முந்தாநாள் அம்மாவாசி வீட்டுப் பக்கம் கத்தியதே என்று சொல்ல இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். தண்ணீர் விடுவதற்கு மச்சான் வால்வைத் திறக்க வந்தால் பெண்கள் குடத்தோடு கொஞ்சம் தள்ளி நின்றார்கள். தண்ணீரை மட்டும் தள்ளவில்லை, பிடித்துக்கொண்டார்கள்.

ராஜாத்தி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள். "மாமா, ஆஸ்பத்திரியில நாலு வருசமா இருக்கேன். எம்புட்டுப் பேரு எங் கண்ணு முன்னாடி போயிருக்காக. ஒரு தடவகூட ஒரு குருவியும் வந்து கத்தலயே. அதுக்கு ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாதோ?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்று அக்காள் சொன்னாள். மகளுக்கு இருபத்து மூன்று முடிந்து இருபத்து நாலு ஓடிக்கொண்டிருந்தது. பேசத் தெரியாத மனிதர், கோபப்படவும் தெரியாத மனிதர், தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

மோட்டார் ரூமில் ஊராட்சி கொடுத்த பதிவேடு ஒன்று உண்டு. தேதி, மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அதுவரை எந்த ஊரிலும் எந்த ஆபரேட்டரும் எதுவும் எழுதியதில்லை. மச்சான் எழுதினார். "நிலா முக்கால். குருவி 164." "நிலா இல்லை. குருவி 11, பிறகு இல்லை." "நிலா முழுசு. குருவி 212." ஒவ்வொரு கூப்பாட்டையும் எண்ணியிருக்கிறார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, குருவி என்பது என்ன அளவு, இனிமேல் லிட்டரில் எழுதவும் என்று சிவப்பு மையில் குறித்துவிட்டுப் போனார். மச்சான் அதற்குக் கீழே "சரி" என்று எழுதிவிட்டுக் குருவியைத் தொடர்ந்து எண்ணினார்.

ஒன்பது மாதம் கழித்து என்னை மோட்டார் ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"மாப்ளே, இதப் பாரு. வளர்பெறையில பொழுது அடஞ்சவொடன நெலா ஒசக்க நிக்கிது. வெளிச்சம் இருந்தாத்தான் இதுக்குப் பூச்சி கண்ணுக்குத் தெரியும். பிடிக்கும், திங்கும், கத்தும். விடிய விடிய அதுக்கு வேலதான். தேய்பெறையில பொழுது அடஞ்சாக் கும்மிருட்டு. அந்தி வெளிச்சம் இருக்கவரைக்கும் நாலு கூப்பாடு போடும், பெறகு கம்முனு கெடக்கும். நெலா கெளம்புறதே சாமத்துலதான். அப்ப மறுபடி ஆரம்பிக்கும். அந்நேரம் யாரு பொண்ணு பாக்க வாராக?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். எங்கள் வகையறா பெண் பார்க்கிற நேரமும் குருவி ஓயாமல் கத்துகிற நேரமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. மார்கழிக் குளிரில் குருவி வாயைத் திறக்கவில்லை. மார்கழியில் எங்களிலும் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை. எங்கள் முன்னோர்கள் அந்தக் குருவியைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டு முகூர்த்தம் குறித்தது போல இருந்தது. ஊரில் செத்தவர்களையும் மச்சான் எழுதியிருந்தார். ஒன்பது மாதத்தில் பதினொரு பேர். வளர்பிறையில் ஐந்து, தேய்பிறையில் ஆறு. பொழுது அடைந்ததும் குருவி வாயை மூடிக்கொண்ட நாட்களில் ஒருவர் கூடுதலாகச் செத்திருந்தார்.

"வெளங்குச்சா மாப்ளே?"

"கண்ணாடி கணக்கா வெளங்கிருச்சு மச்சான்" என்றேன். உண்மையாகவே விளங்கியது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மச்சான் நோட்டை மூடினார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப நம்ம விஜய்பாண்டிக்கே ராஜாத்திய முடிச்சுப்புடலாமா?"

விஜய்பாண்டி என் மகன். ராஜாத்திக்கு முறைப்பையன். அவளைவிட இரண்டு வயது மூத்தவன், என் கடையிலேயே இருந்தான். பிள்ளைகள் பிறந்தபோதே இருவரையும் சேர்த்துப் பேசியவர்கள்தான் நாங்கள். முதல் கூட்டம் போடியிலிருந்து வந்தபோது, வசதியான இடம் தானாக வருகிறதே என்று நான்தான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். இப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்பது மாதக் கணக்கு கையில் இருக்கிறது. விளங்கிவிட்டது என்று என் வாயாலேயே சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பொறுத்துப் பாப்பம் மச்சான். சாதகம் பாக்கணும்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் வீட்டுக்கு வந்து ஜாதகத்தைப் பார்க்கவில்லை. என் மனைவி ஜோதிலட்சுமியிடம் சொன்னேன். "எல்லாம் சரிதான், ஆனா கத்துது பாருங்க" என்றாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த ஆராய்ச்சி. 2006இல் விஜய்பாண்டிக்குப் போடியில் பெண் எடுத்தோம். வளர்பிறையில் போய், விளக்கு வைத்த பிறகு பார்த்தோம். அந்த வீடு ஊர் நடுவில் இருந்தது, எந்தக் குருவியும் கத்தவில்லை. கல்யாணத்தில் மச்சான் வாழை மரம் கட்டினார், தண்ணீர் டிரம்மை நிரப்பினார், பந்தி முடியும்வரை நின்றார்.

இதற்கு முந்தின வருடமே ஊர் குருவியை விரட்ட முடிவு செய்திருந்தது. முதலில் கல்லெறிந்தார்கள். தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைப் போட்டார்கள். ஒருவர் தன் கோம்பை நாயைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார். நாய் ஓடைக்குள் இறங்கி ஒரு கீரியைத் துரத்திக்கொண்டு போய் மறுநாள்தான் வந்தது. கடைசியில் பிரசிடெண்ட், வெளிச்சம் இருந்தால் இந்த மாதிரி ஜீவன் அண்டாது என்று கண்டுபிடித்து, மச்சான் வீட்டுக்கு எதிரே ஒரு சோடியம் விளக்கு போட உத்தரவிட்டார். மச்சான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"வெளக்குப் போட்டா அது ஓடாதுங்க. இன்னும் சாஸ்தியாத்தான் கத்தும். நான் எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

"ஏலே அம்மாவாசி, ஒனக்கு மோட்டாரப் பத்தித்தானே தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. மச்சான் உட்கார்ந்தார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அவர் சொல்வது சரி என்று தெரிந்த இன்னொரு ஆள் அங்கே நான்தான். எனக்குச் செருப்பு வாரில் ஏதோ கவனிக்க வேண்டியிருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. விளக்குப் போட்ட அன்றைக்கே மலையடியில் இருக்கிற ஈசல், விட்டில், வண்டு எல்லாம் வந்து சேர்ந்தன. அவற்றைத் தின்னக் குருவியும் வந்தது. ஒன்று மூன்றாயிற்று. விளக்குக்குக் கீழே வண்டித்தடத்தில் உட்கார்ந்துகொண்டு, வளர்பிறை தேய்பிறை பேதமில்லாமல், அமாவாசையன்றும் கத்தின. ஊராட்சி செலவில் எங்கள் ஊருக்கு முப்பது நாளும் பௌர்ணமி கிடைத்தது. பதிவேட்டில் மச்சான், "நிலா இல்லை. விளக்கு. குருவி 190" என்று எழுதினார். விளக்குத் திறப்புவிழாவில் பிரசிடெண்டுக்குப் போட்ட சால்வையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

2007இல் ராஜாத்திக்கு இருபத்தேழு. அக்காள் ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு தெரிந்தவர், தெரியாதவர் வீட்டுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் கூடலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெயர் அழகர், முப்பத்து நாலு வயது. கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுபவர். ஜாதகத்தில் ஏதோ குறை சொல்லி அவருக்கும் நாலைந்து இடம் தட்டிப்போயிருந்தது. தாய் மட்டும்தான், மொக்கம்மாள். கணவன் செத்த பிறகு ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து மகனை வளர்த்தவள்.

மச்சான் என் கடைக்கே வந்துவிட்டார். "நெறஞ்ச அமாவாசை நல்ல நாளுதான மாப்ளே? எல்லாரும் அன்னைக்குத்தானே புது வண்டி எடுக்குறாக, கடை தெறக்குறாக. அன்னைக்கு வரச் சொல்லுவம். தெருவெளக்க நான் அணைச்சுப்புடுறேன். பொழுது அடஞ்சு அரைமணி நேரம் கழிச்சு வண்டி ஊருக்குள்ள வந்தாப் போதும். அதுக்குள்ள அது நாலு கூப்பாடு போட்டு அடங்கிரும்."

இவ்வளவு நீளமாக அவர் பேசியதை நான் கேட்டதில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சொல்லியிருக்கிறார்களே, ஒரு விளக்கை அணைப்பதில் என்ன குற்றம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். வண்டியைத் தாமதப்படுத்துவது என் வேலை. ஊர் எல்லையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினேன். பூசாரியிடம் மெதுவாகச் செய்யச் சொல்லியிருந்தேன். அவர் இயல்பாகவே மெதுவானவர், அன்றைக்கு எனக்காக இன்னும் முயற்சி எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஓடையில் ஒரு சத்தம் இல்லை. எதிரே சோடியம் விளக்கு அணைந்து நின்றது.

"பீஸ் போயிருச்சு" என்றார் மச்சான், யாரும் கேட்காமலே.

ராஜாத்தி விளக்கேற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டாள். மொக்கம்மாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலையைப் பற்றிக் கேட்டாள். அழகர் அதிகம் பேசவில்லை, ராஜாத்தி சொன்னதைக் கவனமாகக் கேட்டார். எல்லாம் நன்றாக நடந்தது. மொக்கம்மாள் பைக்குள் கைவிட்டுப் பூவை எடுத்தாள். மச்சான் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் அத்தே" என்றாள் ராஜாத்தி. எழுந்து அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "அப்பா, தெருவெளக்க எதுக்கு அணைச்சீக?"

"பீசு போயி..."

"பீசு போகல. நீங்கதான் அணைச்சீக." அவள் குரல் உயரவில்லை. "இன்னைக்கு வெளக்க அணைச்சுட்டீக. நான் வாழப் போற வீட்டுல மாசத்துல பாதி நாளு நெலா வருமே, அத யாருப்பா அணைப்பா?"

அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் மகளைப் பார்த்தார். எனக்கு ஒரு கணம் அவர் அழுதுவிடுவார் என்று தோன்றியது. அவர் அழவில்லை. வெளியே போய் சுவிட்சைப் போட்டார்.

சோடியம் விளக்கு போட்டதும் எரிந்துவிடாது. முதலில் செங்கல் நிறத்தில் முனகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும், ஐந்து நிமிடமாவது பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் ராஜாத்தி மொக்கம்மாளிடம் போடிக்காரர்கள் முதல் கெங்குவார்பட்டிக்காரர்கள் வரை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கவும் விட்டில்கள் வந்தன. விட்டில்களுக்குப் பின்னால் கோலிக்குண்டு உருண்டது. மொக்கம்மாளின் கையில் பூ அப்படியே நின்றது.

முதலில் பேசியது அழகர். "இதுவா? கம்பம்மெட்டு ரோட்டுல தெனம் பாக்குறேனே! லைட்டு பட்டா கண்ணு ரெண்டும் தீக்கங்கு கணக்கா இருக்கும். டயருக்குக் கிட்டக்கப் போற வரைக்கும் எந்திரிக்காது. நெலாக் காலத்துல ஒரு வளைவுக்கு ஒன்னு ஒக்காந்திருக்கும். இருட்டுன்னா மலை ஏறி எறங்குற வரைக்கும் ஒன்னக்கூடப் பாக்க முடியாது."

மச்சான் வாசற்படியில் நின்றுவிட்டார். "அங்கனயும் அப்படித்தானா?"

"அங்கனயும் அப்படித்தான்ங்க."

மச்சான் விறுவிறுவென்று மோட்டார் ரூமுக்குப் போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில், பூ வைக்காமல் நிற்கிற நேரத்தில், மாமனாரும் மாப்பிள்ளையும் ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து குருவிக் கணக்கைப் பார்த்தார்கள். பிறை எட்டில் எத்தனை, பன்னிரண்டில் எத்தனை, மேகம் மூடினால் என்ன ஆகும் என்று பேசினார்கள். மச்சான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நாலு வருடமாகத் தனியாக எண்ணியதை இன்னொரு மனிதர் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் மொக்கம்மாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான தாய்மாமன்? ஒங்க வீட்டுல மொறைப்பையன் இருந்தாகளாமே. போன வருசம் வெளிய பொண்ணு எடுத்தீகளாம்."

"ஆமா" என்றேன்.

"எம் மகனும் ஒங்க மச்சானும் ஆயிரம் பேசட்டும். நான் படிக்காதவ, எனக்கு நோட்டெல்லாம் தெரியாது. சொந்த மாமனே கைக்குள்ள இருந்த பிள்ளைய விட்டுட்டு வெளிய போயிருக்காகன்னா, வீட்டுல ஏதோ இருக்குன்னுதான எனக்குத் தோணும்? நீங்க சொல்லுங்க. ஏன் எடுக்கல?"

மச்சான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அக்காள் என்னைப் பார்த்தாள். ராஜாத்தி பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். ஜாதகம் பொருந்தவில்லை என்ற வார்த்தை என் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் என் மானம் நிற்கும். மொக்கம்மாள் பூவைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"பயம் ஆத்தா" என்றேன். "பிள்ளைகிட்ட ஒரு கொறையும் இல்ல. மச்சான் இந்த நோட்டக் காட்டி எனக்கு எல்லாத்தையும் வெளக்குனாக. நல்லா வெளங்குச்சு. வெளங்குன பெறகும் பயந்தேன். சாதகம் பாக்கணும்னு பொய் சொன்னேன்."

வெட்கம் காதுவரை சுட்டது. மொக்கம்மாள் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். இருபது வருடமாக உரக்கடையில் உட்கார்ந்து ஊருக்கே யோசனை சொன்னவனை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"எம் மகனுக்கு அந்தப் பயம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து, ராஜாத்தியின் தலையில் பூ வைத்தாள்.

பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். அப்பா, அம்மா காலில் விழுந்துவிட்டு ராஜாத்தி என் முன்னால் வந்தாள். குனிவதற்கு முன்னால் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். "இத அன்னைக்கே அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள்.